தையல்காரி வார்சினி கதவைச் சாத்திய வாரம்

ஹாஜி மக்ஸுமுக்கு வார்சினி அறுபது லட்சம் ரூபியா கடன்பட்டிருந்தாள். வயிற்றுக்காகப் பட்ட கடன் அல்ல, வைத்தியத்துக்காகப் பட்டதும் அல்ல. வேகத்துக்காகப் பட்ட கடன். கரண்டில் ஓடும் தையல் மெஷின் ஒன்று, ஓரம் அடிக்கும் மெஷின் ஒன்று, இரண்டையும் ஹாஜியின் கடையிலிருந்து தவணைக்கு எடுத்து வந்தாள்.

"கால்ல மிதிக்கிற மெஷின்ல ஒரு நாளைக்கு ஒரு கெபாயா தச்சேன். இதுல நாலு தைப்பேன். ஒரே வருஷத்துல கடன அடைச்சிட்டு உங்க கடையவே விலைக்குக் கேக்கப் போறேன், பாத்துக்கிட்டே இருங்க ஹாஜி ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஹாஜி தாடியைத் தடவிச் சிரித்தார்.

வருஷம் ஓடிவிட்டது. கடனில் பாதிகூடக் குறையவில்லை. மெஷின் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வார்சினியின் கையும் லேசுப்பட்டதல்ல. லேஸ் துணியில் உடம்போடு ஒட்டி அவள் தைக்கும் நீளக்கை ரவிக்கையான கெபாயாவைப் போட்டுக்கொண்டு போனால், கல்யாண வீட்டில் மணப்பெண்ணை விட்டுவிட்டு ரவிக்கையைப் பார்ப்பார்கள். இருந்தும் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிந்தது. பழைய மெஷினில் முடிந்ததும் ஒன்று, புது மெஷினில் முடிவதும் ஒன்று.

கடன் வாங்காமல் தொழிலில் கால் வைத்தவன் சோலோ நகரத்தில் எவனும் இல்லை. இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தள்ளுவண்டியில் துணி விற்று, இன்று சந்தையில் இரண்டு கடைக்குச் சொந்தக்காரனாக நிற்பதும் கடனில் தொடங்கியதுதான். ஆனால் மெஷினைக் கடனுக்கு வாங்கலாம், மெஷினுக்கு முன்னால் உட்காரும் நேரத்தை எந்த ஹாஜியும் தவணைக்குத் தரமாட்டார். வார்சினிக்கு இது தெரிய ஒரு வருஷம் பிடித்தது. சிலருக்கு ஆயுசு முழுக்கத் தெரிவதில்லை.

அவள் நேரம் எங்கே போயிற்று என்று தேட விளக்கெல்லாம் வேண்டாம். முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. காலையில் ஒருத்தி அளவு கொடுக்க வருவாள். அளவெடுக்க ஐந்து நிமிஷம். ஆனால் அளவு கொடுத்த கையோடு எழுந்து போவது மரியாதையா? உட்காருவாள். உட்கார்ந்தவளுக்குத் தேநீர் வைக்காமல் இருக்க முடியுமா? வைப்பார்கள். வைத்த தேநீரை உடனே எடுத்துக் குடிப்பதற்கு வந்தவள் என்ன காணாததைக் கண்டவளா? "குடிங்க" என்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும். "இருக்கட்டும்" என்று இவள் சொல்ல வேண்டும். மறுபடி சொல்ல வேண்டும். கண்ணாடி டம்ளரில் தேநீர் ஆறி, சர்க்கரை அடியில் தங்கி, எறும்பு வாசனை பிடித்த பிறகுதான் முதல் மடக்கு. அது முடிவதற்குள் அடுத்தவள் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். விருந்தாளி பேசும்போது மெஷினை ஓட்டினால், "உன் பேச்சு எனக்கு வேண்டாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி. ஆகவே மெஷின்மேல் பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டு, வார்சினி கையை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதில் எல்லோருக்கும் தலைவி எதிர்வீட்டுக் கினெம். வார்சினியைவிடப் பத்து வயது மூத்தவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வேலை என்று ஒன்றும் இல்லை. அந்தக் குறையை வார்சினி வீட்டில் வந்து தீர்த்துக்கொள்வாள். சந்தில் எவன் யாரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டவில்லை என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. வார்சினியின் புருஷன் பர்னோ, புகையிலை ஆலை மூடியபிறகு வீட்டோடு இருந்தான். கூண்டில் ஒரு புறாவை வளர்த்தான், விருந்தாளிகளுக்குத் தேநீர் போட்டான். இரண்டையும் குறை சொல்லமுடியாதபடி செய்தான். அதுவும் ஒரு சங்கடம். அவன் தேநீர் நன்றாக இருந்ததால் கூட்டம் கூடிற்று.

அப்போதுதான் பெரிய வீட்டு அம்மாள் இபு ரெட்னோ கார் வைத்துக்கொண்டு சந்து முனைவரை வந்தார். மகளுக்குக் கல்யாணம். சொந்தபந்தப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் கெபாயா, அறுபது. துணியை மூட்டையாக இறக்கி, கூலியில் பாதியை முன்பணமாகவும் கொடுத்தார்.

"வார்சினி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி என் கையில இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எங்க சித்தி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடு. மெயின்ரோட்டுல ஏசி போட்ட கடைக்காரன் என் பின்னாடியே சுத்துறான்."

"எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா இபு? என் மெஷின நீங்க பாக்கலியே!" என்றாள் வார்சினி.

முன்பணத்தை அன்று மாலையே ஹாஜி வாங்கிக்கொண்டு போய்விட்டார், நின்றுபோன தவணைகளுக்காக. மிச்சத்தைக் கல்யாண மாதத்துக்குள் கட்டாவிட்டால் இரண்டு மெஷினையும் தூக்கிக்கொண்டு போவேன் என்று, ரொம்ப மரியாதையாக, பர்னோவின் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். ஆக, கெபாயா முடியாவிட்டால் துணி ஏசி கடைக்குப் போகும், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அது கையில் இல்லை, மெஷினும் போகும். வார்சினிக்கு மிஞ்சுவது பூப்போட்ட போர்வைத் துணி மட்டும்.

இது தெரிந்தும் நாட்கள் வழக்கம்போலவே நழுவின. கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எண்ணிப் பார்த்தால், முடிந்தது பத்துப் பன்னிரண்டு.

"மாஸ், இந்தக் கூட்டத்த நிறுத்த வழி சொல்லேன்" என்று புருஷனிடம் கேட்டாள்.

பர்னோ புறாவைப் பார்த்தபடியே யோசித்தான். "சர்க்கரையக் குறைச்சா ஆளும் குறையும்."

மறுநாள் தேநீர் கசந்தது. கினெம் ஒரு மடக்கு குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், எழுந்து போனாள். வார்சினி உற்சாகமாக மெஷின் போர்வையை உருவினாள். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் கினெம் திரும்பி வந்துவிட்டாள், கையில் ஒரு கிலோ சர்க்கரை.

"வீட்டுல கஷ்டம்னா சொல்லக்கூடாதாடி? நான் என்ன அந்நியமா? இந்தா, வெச்சுக்க. தம்பி பர்னோ, அடுப்பப் பத்த வை. வார்சினி, நீ உக்காரு. எல்லாத்தையும் மனசுவிட்டுப் பேசு."

அன்று மாலை விளக்கு வைக்கும்வரை வார்சினி மனசுவிட்டுப் பேச வேண்டியதாயிற்று, இல்லாத கஷ்டத்தைப் பற்றி.

அதன் பிறகுதான் அவள் யாரும் இந்தச் சந்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள். பட்டப்பகலில் வாசல் கதவைச் சாத்தினாள். பர்னோவை வெளியே நாற்காலியில் உட்காரவைத்து, "யார் வந்தாலும் நான் இல்லன்னு சொல்லு" என்றாள். பர்னோவுக்குப் பொய் வராது. சின்ன வயதிலேயே வராது. அதனால்தான் ஆலையில் மேஸ்திரி ஆக முடியவில்லை.

கினெம் வந்தாள். சாத்திய கதவைப் பார்த்து இரண்டு அடி பின்வாங்கினாள்.

"வார்சினி எங்க?"

"உள்ள."

"கூப்பிடு."

"முடியாதுக்கா."

"ஏன்?"

பர்னோ புறாக் கூண்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "பாக்குற நிலைமையில அவ இல்ல."

கினெம் மார்பில் கைவைத்தாள். "மெஷின் சத்தம் கேக்குதே?"

"ஆமா, ஓட்டுறா."

"படுக்க வேண்டிய உடம்ப வெச்சுக்கிட்டு மெஷின் ஓட்டுறாளா! அவ்வளவு கடனா தம்பி?"

பர்னோ இதற்கும் பொய் சொல்லவில்லை. "கடன் இருக்குக்கா."

உள்ளே வார்சினிக்கு இது எதுவும் தெரியாது. அன்று மட்டும் அவள் நான்கு கெபாயா முடித்தாள். ஹாஜியிடம் ஒரு வருஷத்துக்கு முன் சொன்னது வாய்ச்சவடால் இல்லை என்று அன்றுதான் அவளுக்கே நிரூபணமாயிற்று. "பாத்தியா மாஸ், இதான் நான்" என்று சொல்லிக்கொண்டே சோற்றில் பொரித்த தெம்பே சோயாக் கட்டியைப் பிட்டுப்போட்டுச் சாப்பிட்டாள். பர்னோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் சந்தோஷத்தைப் பார்த்து அப்பளத்தைக் கடித்துக்கொண்டான்.

இந்த ஊரில் ஒருத்தி படுத்துவிட்டாள் என்றால் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை. திரண்டுதான் போவார்கள். மறுநாள் காலை வார்சினி ஜன்னல் இடுக்கில் பார்த்தபோது, சந்து நிறையப் பெண்கள். நல்ல உடை உடுத்தி, கையில் பிஸ்கட் டின், வாழைப்பழச் சீப்பு, தேயிலைப் பொட்டலம். முன்னால் கினெம், எல்லோரும் சேர்த்துப் போட்ட பணம் வைத்த ஒரு வெள்ளை உறையோடு.

"மாஸ்! அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"உண்மையத்தான் சொன்னேன்" என்றான் பர்னோ பரிதாபமாக.

வேறு வழி இல்லை. கட்டில்மேல் ஊசி குத்தி அடுக்கியிருந்த கெபாயாக்களை எடுத்துவைக்கவும் நேரம் இல்லை. அவற்றின் மேலேயே படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"முகத்தப் பாரு, சோளப்பொரி மாதிரி வெளுத்துப் போச்சு" என்றாள் ஒருத்தி.

"கழுத்துல என்னடி, நாடாவா? அளவெடுத்துக்கிட்டே விழுந்திருக்கா, பாவம்."

"உடம்புல காத்து புகுந்திருக்கு" என்று கினெம் தீர்ப்புச் சொன்னாள். "முதுகக் காட்டு."

"வேண்டாம்க்கா, இப்ப தேவல..."

"நோயாளி பேசக்கூடாது."

கவிழ்த்துப் போட்டார்கள். இந்த ஊர்க் கைவைத்தியப்படி எண்ணெய் தடவி, பழங்காசின் விளிம்பால் முதுகை வரிவரியாகச் சுரண்டினார்கள். மேலே காசு, கீழே குண்டூசி. வார்சினி முனகினாள். "பாரு, காத்து வெளிய வருது" என்று எல்லோரும் திருப்திப்பட்டார்கள். முதுகு சிவந்து கோடுகோடாகத் தடித்தது. சுரண்டி முடித்த கினெம், கைவலி தீரக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த கணம் வீறிட்டுக் கத்திக்கொண்டு எழுந்தாள். பின்பக்கத்தில் ஒரு குண்டூசி.

போர்வையை விலக்கினார்கள். பாதி தைத்த கெபாயாக்கள் வரிசையாகக் கிடந்தன. ஒருத்தி போய் மெஷினைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு" என்றாள். வெளியே பர்னோவின் புறா கூவிற்று.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் கினெம்.

வார்சினி எழுந்து உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை.

"நாங்க வரக்கூடாதுன்னுதான் கதவ சாத்தின?"

இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வார்சினியும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முதுகு எரிந்ததோ, கெடு நெருங்கியதோ, வந்தது வேறு.

"ஆமாக்கா. இன்னும் நாப்பத்துக்கு மேல தைக்கணும். முடியலன்னா ஹாஜி மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவாரு. நீங்க உக்காந்தா நான் தைக்க முடியல. நீங்க பேசுறது எனக்குப் புடிக்கும். அதான் கஷ்டமே."

கினெம் தலையணை ஓரத்தில் தான் வைத்த உறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், தன் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டாள்.

"ஏண்டி, கல்யாண வீட்டுல எங்கள நீ பாத்ததே இல்லையா? அங்க சும்மாவா உக்காந்து பேசுறோம்? வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுறோம், தேங்காய் துருவிக்கிட்டே பேசுறோம். உன் வீட்டுல கையில ஒண்ணும் குடுக்காம டீயக் குடுத்தா, நாங்க டீயத்தானே குடிப்போம்?" புடவைபோலச் சுற்றியிருந்த சாரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். "கொண்டா. கொக்கி வைக்கணுமா, ஓரம் மடிக்கணுமா?"

வார்சினி வெள்ளை உறையைத் திருப்பிக் கொடுத்தாள். "அதுல சர்க்கரை வாங்கிப் போடு" என்று கினெம் தள்ளிவிட்டாள்.

அன்று முதல் கதவு திறந்தது, மெஷினும் ஓடிற்று. எல்லோர் கையிலும் வேலை இருந்ததால் மெஷின் சத்தம் யாருக்கும் அவமரியாதையாகப் படவில்லை. சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தேநீர் ஒரே பெரிய கெண்டியில் மூலையில் இருந்தது; வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ள வேண்டியது. பர்னோ இஸ்திரி போட்டான். ஆலையில் கற்ற பொறுமை அதற்கு உதவிற்று.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்கிறவர்கள் ஆள் வைத்து வேலை வாங்கியதே இல்லை. முதல் நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, கினெம் வைத்த கொக்கிகளை வார்சினி பார்த்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று பக்கத்து வீட்டைப் பார்த்தபடி. போட்டுப் பார்த்தால் ரவிக்கை ஒரு தோளை உயர்த்திக்கொண்டு சண்டைக்கு நின்றது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தாள். மறுநாளும் பிரித்தாள். பகலில் கிடைத்த நேரம் சாயங்காலம் பிரிப்பதிலேயே போயிற்று.

"சொல்லிடேன்" என்றான் பர்னோ.

"உதவிக்கு வந்தவங்கள எப்படிச் சொல்றது?"

"சம்பளத்துக்கு வந்தவங்கன்னா?"

"காதப் புடிச்சுத் திருகியிருப்பேன்."

மூன்றாம் நாள், கினெம் இன்னும் ஒரு கெபாயாவைக் கோணலாக முடித்துப் போட்டபோது, வார்சினி மெஷினை நிறுத்தினாள். பேச்சும் நின்றது.

"அக்கா, இது கோணலா இருக்கு. நேத்தும் கோணல், முந்தாநாளும் கோணல். நான்தான் பிரிச்சேன்."

கினெம் ஊசியைப் பாயில் குத்தி வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பாக்கிப் பெண்கள் குனிந்து தைத்தார்கள். அன்று அந்த அறையில் மெஷின் மட்டும்தான் பேசிற்று. ஒரு கோணல் கொக்கிக்காக எதிர்வீட்டைப் பகைத்துக்கொண்டோமே என்று வார்சினிக்கு வருத்தமாக இருந்தது. கெபாயாக்களோ நேராக, வரிசையாக முடிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தால் சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கினெம் வந்தாள். மூக்கில் கனமான கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, ஆம்பிளைக் கண்ணாடி.

"மருமகனோடது" என்றாள். "பஸ்ல போயி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு வருஷமா எனக்குக் கிட்டத்துல தெரியல. ஊசியக் கையில எடுத்தப்புறம் கண்ணு தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே போயி வாங்கியிருப்பேன்." உட்கார்ந்து ஒரு கொக்கி வைத்தாள். நேராக இருந்தது. நிமிர்ந்து வார்சினியைப் பார்த்தாள். "ஐயோ, உனக்கு இவ்வளவு நரை விழுந்துடுச்சா?"

அறை இடிந்துவிடும்போலச் சிரித்தது.

கெடுவுக்கு ஒரு நாள் இருக்கும்போதே அறுபதும் முடிந்தது. இபு ரெட்னோ ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், குறை தேடினார், கிடைக்காததில் கொஞ்சம் ஏமாந்துபோய் மிச்சக் கூலியைக் கொடுத்தார். ஹாஜியின் தவணைப் பாக்கி அன்றே தீர்ந்தது. பெண்கள் ஒவ்வொருத்திக்கும் கூலி ஒதுக்கி வார்சினி கொடுக்கப் போனாள். எல்லோரும் கினெமைப் பார்த்தார்கள். கினெம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைவேலைக்குக் காசா? என் மக கல்யாணத்துக்கு நீ வாழையிலை துடைச்சியே, நான் காசு குடுத்தேனா?"

"அது கல்யாணம்க்கா. இது கடை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு இல்ல. அடுத்த மாசம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வருது. காசு வாங்கலன்னா நீங்க விருந்தாளி. விருந்தாளி கோணலாத் தச்சா நான் சிரிச்சுக்கிட்டே பிரிக்கணும். எனக்குப் பிரிக்க நேரம் இல்ல."

கினெம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "காசு வாங்கினா?"

"கோணலாத் தச்சா திட்டுவேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

"நான் திருப்பித் திட்டலாமா?"

"வேலை முடிஞ்சப்புறம்."

கினெம் கையை முன்னால் கொண்டுவந்து, சாரத்தில் இரண்டு பக்கமும் துடைத்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். வார்சினி விரலை எச்சில் தொட்டு, தாள் தாளாக, சத்தமாக எண்ணி, அந்தக் கையில் வைத்தாள்.